அறியாத கோப்பு ஒன்று

இறந்தவர்களின் கணினியைத் தொண்ணூறு நாளுக்குள் அரசிடம் காட்டி அடையாளம் பெற வேண்டும் என்றொரு விதி இருப்பது, அகிலா இறந்து ஐந்தாவது மாதத்தில்தான் முத்துவேலுக்குத் தெரியவந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு படிவம் வந்தது. விளக்கம் எழுத அரை வரி இடம் விட்டிருந்தார்கள். 'திறக்க மனம் வரவில்லை' என்று எழுதினான். இடம் சரியாக இருந்தது.

அடையாளம் தரும் இடம் கோட்டையூரில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகப் பிரிந்துபோய், ஆளுக்கொரு சாவி வைத்திருந்து, கடைசியில் எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து அரசுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். வாசலில் 'மின்கோப்பு அடையாள நிலையம்' என்று பலகை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'அறிந்தது அனைத்தும் நன்று'. உள்ளே வளவு என்று சொல்லும் திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் நீலப் பெயின்டில் எண் எழுதியிருந்தார்கள். டோக்கன் வாங்கினால் நாற்காலி கிடையாது, தூண்தான். முத்துவேலுக்குப் பதினாறாம் தூண். அதில் சாய்ந்துகொண்டு நின்றான். குளிர்ச்சியாக இருந்தது.

முத்துவேலுக்கு வயது முப்பத்திரண்டு. காரைக்குடி செக்காலையில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு வரைபடம் போடும் வேலை. அதிகம் பேசமாட்டான். அகிலா இருந்தவரை அவனுக்கும் சேர்த்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடியே ஒரு பாடப்புத்தகக் கம்பெனிக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பாள். அந்த வேலைக்காக வாங்கிய லேப்டாப்தான் இப்போது அவன் கையில், ஒரு துணிக்கடைப் பையில் இருந்தது.

அடையாள அலுவலர் கார்த்திகேய சிவம் நெற்றி நிறையத் திருநீறும் சட்டைப்பையில் மூன்று பேனாவும் வைத்திருந்தார். அன்பானவர். அன்பாகப் பேசுபவர்களிடம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது முத்துவேலுக்கு அன்று தெரியவந்தது.

"வாங்க தம்பி. லேட்டா வந்திருக்கீக. பரவாயில்ல. நாங்க என்ன செய்யுறோம்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"ஒரு கோப்பத் தொறந்து பாத்து, இது இன்னதுன்னு சொல்றது பழைய காலம். நாங்க தொறக்கவே மாட்டோம். கோப்ப ஒரு கணக்குல போட்டு அரைப்போம். அறுபத்துநாலு எழுத்து விழும். அதே கோப்பு அமெரிக்காவுல இருந்தாலும் அதே அறுபத்துநாலுதான் விழும். பேர மாத்தினாலும் மாறாது. ஆனா உள்ள ஒரே ஒரு புள்ளிய மாத்துனீகன்னா அறுபத்துநாலும் தலைகீழாப் போயிரும்."

அரசாணையில் இந்த அறுபத்துநாலு எழுத்துக்குக் 'கோப்புச்சாறு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலையத்தில் அதை ஹாஷ் என்றே எல்லோரும் சொன்னார்கள். அரசாணையைப் படிக்கும்போது மட்டும் சாறு என்றார்கள்.

"உலகத்துல உள்ள மென்பொருள் அத்தனைக்கும் எங்ககிட்டப் பட்டியல் இருக்கு," என்றார் சிவம். "பட்டியல்ல இருந்தா அறிந்த கோப்பு. வேற யாராவது ரெண்டாவது ஆளுகிட்ட அதே கோப்பு இருந்தாலும் அறிந்த கோப்பு. இல்லேன்னா அறியாத கோப்பு."

"அறியாததுன்னா?"

"சந்தேகத்துக்குரியது."

"யாருக்குத் தெரியாதது சார்?"

"எங்களுக்கு," என்றார் சிவம். உலகத்துக்கு என்று சொல்வதுபோல இருந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அகிலாவின் லேப்டாப்பில் மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்றாறு கோப்புகள். அவற்றில் பெரும்பாலானவை கணினி ஓடுவதற்கு வேண்டிய சில்லறைகள், உலகமெங்கும் ஒரே மாதிரி இருப்பவை. அவள் திருத்திய பாடங்கள் கம்பெனியிலும் இருந்ததால் அறிந்தவை. கல்யாணப் படங்கள் ஸ்டூடியோக்காரரிடமும் இருந்ததால் அறிந்தவை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்து, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சிவப்பில் நின்றது.

'பதிவு 17. ஒலி. பதினோரு நொடி. ஆகஸ்ட் 14, மாலை 4.12. அறியாதது.'

முத்துவேல் தேதியை மறுபடி படித்தான்.

ஆகஸ்ட் பதினாலு காய்ச்சலின் இரண்டாம் நாள். மொத்தம் நான்கு நாள்தான் காய்ச்சல். அன்று அவன் வேலையிலிருந்து ஆறு மணிக்கு வந்தபோது, மாடித் தொட்டி நிறைந்து வழிந்து தண்ணீர் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார். முத்துவேல் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஈரக்காலோடு உள்ளே வந்து, "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? போன் எதுக்கு வச்சிருக்க?" என்று கத்தினான். அகிலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் போன் ரிப்பேருக்குப் போய் இரண்டு நாளாகக் கடையில் கிடந்தது அவன் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி. பிறகு அதைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை.

நாலு பன்னிரண்டுக்கு அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"இத நான் கேக்கலாமா சார்?"

"அறியாத கோப்பத் தொறக்கக்கூடாது தம்பி. விதி நாலு."

"பதினோரு செகண்டுதான் சார்."

"அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தொறந்தாத் தெரிஞ்சிரும்."

"தொறக்கறதுக்கு முன்னால தெரியணும்," என்றார் சிவம் பொறுமையாக. "அதுக்குத்தான் இவ்வளவு பெரிய நிலையம்."

தொண்ணூறு நாளில் அது அழிக்கப்படும் என்று சீட்டில் அச்சாகியிருந்தது. அதைத் தடுக்க மனு போடலாம். அப்படி யாரும் இதுவரை போட்டதில்லை. மனுப்படிவத்தை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தவர் சொர்ணவல்லி. நிலையத்தின் உதவியாளர். ஐம்பது வயது இருக்கும். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எல்லாவற்றையும் கவனிப்பவர்.

"எழுதுங்க. ஆனா ஒண்ணு, இங்க மனுப் போட்டா எது கெடைக்குமோ எனக்குத் தெரியாது. தூணு கெடைக்கும்," என்றார்.

மனுவோடு இறப்புச் சான்றிதழ் வைக்க வேண்டும். முத்துவேல் வைத்தான். சொர்ணவல்லி அதை ஸ்கேன் செய்து, அரைத்து, நகராட்சியில் இருக்கும் மூலத்தின் அறுபத்துநாலு எழுத்தோடு ஒப்பிட்டார். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஸ்கேனரின் கண்ணாடியில் ஒரு தூசி இருந்திருக்கும். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வேறு அறுபத்துநாலு விழுந்தது. ஏழு முறை வைத்தார். ஏழு வகை விழுந்தது.

சிவம் வந்து எட்டிப் பார்த்தார். வருத்தமாகத் தலையாட்டினார்.

"தம்பி, உங்க சம்சாரம் இறந்தது எங்க பதிவுப்படி அறியாத செய்தி."

"என்ன சார் சொல்றீக?"

"இறந்திருக்கலாம். இல்லேங்கல. ஆனா எங்களுக்குத் தெரியாது."

பதினாறாம் தூணில் சாய்ந்திருந்த முத்துவேலுக்கு அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. ஏழு மாதமாக ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அவனிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். முதல்முறையாக ஒரு அலுவலகம், முத்திரையோடு, அதைத் தனக்குத் தெரியாது என்றது.

"இதுலயும் ஒரு நன்மை இருக்கு," என்று சிவம் தொடர்ந்தார். "இறப்பு உறுதியாகலேன்னா, பதிவு செஞ்சவுகளே நேர்ல வந்து இது என் கோப்புன்னு கையெழுத்துப் போட்டாப் போதும். விதி ஒம்பது. நான் அழைப்பாணை அனுப்பிர்றேன்."

"சார், அவ இல்ல சார்."

"அத அவுக வந்து சொல்லட்டும்."

அடுத்த வாரம் தபால் வந்தது. உறையின் மேல் 'திருமதி அகிலா முத்துவேல்' என்று எழுதியிருந்தது. ஏழு மாதத்தில் அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும், வரத் தவறினால் காரணம் தெரிவிக்க வேண்டும். முத்துவேல் அதை அவள் மெய்ப்புத் திருத்தும் மேசைமேல் வைத்தான். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் உறை திரும்பிக் கிடந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும். விசிறியைப் போட்டானா என்று யோசித்தான். நினைவில்லை.

வெள்ளிக்கிழமை டவுன்பஸ் பிடித்துப் போனான். பதினொரு மணிக்கு சிவம் தன் இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். விதிப்படி மூன்று முறை கூப்பிட வேண்டும்.

"அகிலா முத்துவேல்."

வளவு முழுக்கத் தூண்களில் சாய்ந்திருந்தவர்கள் அமைதியானார்கள். எல்லோருமே யாரையாவது இழந்தவர்கள்தான்.

"அகிலா முத்துவேல்."

காவலாளி சேதுபதி, வருகிறவர்களுக்கு வழி இருக்கட்டும் என்று கதவின் இன்னொரு பாதியையும் திறந்து வைத்தார். வெளியிலிருந்து வெயில் நீளமாக உள்ளே வந்து விழுந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். முத்துவேலும் பார்த்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

"அகிலா முத்துவேல்."

ஒரு ஆடு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

சிவம் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினார்: 'வரவில்லை. காரணம் தெரியவில்லை.'

இதற்கிடையில், மனு நிலுவையில் இருக்கும் கோப்பை மற்றக் கோப்புகளோடு வைக்கக் கூடாது என்று விதி பதினொன்று சொன்னது. அகிலாவின் லேப்டாப்பிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, இரண்டாம் கட்டில் காலியாகக் கிடந்த ஓர் அறையில் தனியாக வைத்துப் பூட்டினார்கள். ஒரு காலத்தில் அந்த வீட்டின் பித்தளைச் சாமானெல்லாம் இருந்த அறையாம். இப்போது நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி. கதவில் 'அறியாதது' என்று தாள் ஒட்டினார்கள்.

ஒட்டிய மூன்றாம் நாள் சேதுபதி சிவத்திடம் போய் நின்றார்.

"சார், அந்த ரூமுக்குள்ள சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"இருமல். பொம்பள இருமுற மாதிரி. மத்தியானம் நாலு மணிவாக்குல."

"பெட்டியில கரன்ட்டே இல்லையேய்யா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு யாரும் இரண்டாம் கட்டுப்பக்கம் போகவில்லை. அங்குட்டு இருந்த தண்ணீர்ப் பானையை இங்குட்டுக் கொண்டுவந்தார்கள். சேதுபதி கதவுநிலையில் திருநீறு பூசினார். சிவம் அதைக் கண்டித்தார். பிறகு அழிக்க மனமில்லாமல், சாமான் பதிவேட்டில் 'பாதுகாப்பு ஏற்பாடு, ஒன்று' என்று ஏற்றிக்கொண்டார்.

அடுத்த தடவை முத்துவேல் வந்தபோது சேதுபதி அவனைத் தூணுக்கு அப்பால் கூட்டிப்போய்க் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீக. உங்க வீட்டம்மா இருமுவாகளா?"

"கடைசி மூணு நாளு," என்றான் முத்துவேல்.

சேதுபதி அதற்குமேல் கேட்கவில்லை. அன்று மட்டும் அவனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பங்குனியில் இணை இயக்குநர் மீனாட்சிசுந்தரம் ஆய்வுக்கு வந்தார். தூண்களுக்கு மறுபடி நீலம் அடித்தார்கள். வளவில் சாமியானா, ஒலிபெருக்கி. காத்திருக்கும் பொதுமக்களைத் தத்தம் தூணருகிலேயே நின்று கைதட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். மீனாட்சிசுந்தரம் முக்கால் மணி நேரம் பேசினார்.

"பெரியோர்களே! ஒரு மனிதனிடம் மட்டும் இருக்கும் பொருள் ஆபத்தானது. எல்லோரிடமும் இருக்கும் பொருளே தூய்மையானது. ஒருவர் இறந்தால் அவரிடம் என்ன இருந்தது என்று நாம் ஆராய்கிறோம். எல்லோரிடமும் இருந்ததுதான் அவரிடமும் இருந்தது என்று கண்டால், நீங்கள் எதையும் இழக்கவில்லை என்று குடும்பத்தாருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கிறோம். துக்கம் தணிகிறது. சென்ற ஆண்டு மட்டும் இருபத்தோராயிரம் குடும்பங்கள் எதையும் இழக்கவில்லை!"

கைதட்டினார்கள். மூன்றாம் தூணில் நின்ற ஒரு பெரியவர் தட்டவில்லை. அவருக்குக் காது கேட்காது என்று சொர்ணவல்லி சொன்னார். இருக்கலாம்.

பிறகு இணை இயக்குநர் புள்ளிவிவரப் பலகை முன் நின்றார். மற்ற முப்பத்தேழு நிலையங்களிலும் அறியாத கோப்பு பூஜ்யம். தொண்ணூறு நாளில் அழித்துவிடுவதால் பூஜ்யம். கோட்டையூரில் மட்டும் ஒன்று.

"இந்த ஒண்ணு என்ன?"

சிவத்துக்கு வேர்த்தது. "மனு நிலுவையில இருக்குங்க ஐயா. அழிக்கவும் முடியல."

"அப்போ அறிஞ்சதா ஆக்குங்க. முப்பத்தெட்டு நிலையத்துல ஒண்ணுக்காக நான் தசமப்புள்ளி போட்டு மந்திரிக்கு அனுப்பணுமா?"

"ரெண்டாவது பிரதி எங்கயும் இல்லைங்க ஐயா. அந்தம்மா யாருக்கும் அனுப்பல."

எல்லோரும் அந்தத் தசமப்புள்ளியை நினைத்துக் கவலைப்பட்டார்கள். அப்போது சொர்ணவல்லி கோப்புக்கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நம்ம மென்பொருளுக்குள்ள போட்டா அது தானா அறிந்த கோப்பாயிரும்ங்க ஐயா."

நிலையங்கள் அத்தனையும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 'அறிவோம்' என்று பெயர். அரசின் சொந்தத் தயாரிப்பு என்பதால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் பிறந்த அன்றே பட்டியலில் ஏறிவிடும். புதுப்பதிப்பைத் தொகுத்து எல்லா நிலையத்துக்கும் அனுப்பும் வேலை, கோயில் முறை மாதிரி வருஷத்துக்கொரு ஊராகச் சுற்றிவரும். இந்த வருஷம் கோட்டையூரின் முறை. அதில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. ஒரு கணினியை முழுக்க அரைத்து முடித்ததும் ஒலிக்க வேண்டிய ஓசைக்கான இடம். அந்த ஓசையைத் தேர்ந்தெடுக்க அமைத்த குழு இரண்டு வருஷமாகக் கூடவில்லை.

"அந்த எடத்துல இத வச்சிட்டா?" என்றார் மீனாட்சிசுந்தரம்.

"பேரு மாறினாலும் ஹாஷ் மாறாதுங்க ஐயா."

"எதுக்கும் ஒருதரம் போட்டுக் கேட்டுருவமா?" என்றார் சிவம்.

"அறியாத கோப்பத் தொறக்கக்கூடாதுங்க சார்," என்றார் சொர்ணவல்லி.

"வச்ச பெறகு?"

"அறிந்த கோப்பத் தொறக்க வேண்டியதில்லைங்க சார்."

இரண்டும் விதியில் இருந்தன. முத்துவேலைக் கூப்பிட்டுச் சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள்.

"இது முடிஞ்சா எனக்குக் கெடைச்சிருமா சார்?"

"அறிந்த கோப்பானதும் உங்க மனு தீந்துரும் தம்பி," என்றார் சிவம். அவர் பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னால் யோசித்தபோது முத்துவேல் ஒப்புக்கொண்டான்.

சித்திரை முதல் திங்கட்கிழமை புதுப்பதிப்பு எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று காலை பத்து மணிக்கு முத்துவேல் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கோட்டையூர் போனான். சிவம் எழுந்து நின்று கைகுலுக்கினார். பலகையில் கோட்டையூருக்கு நேரே பூஜ்யம் எழுதி, அதைச் சுற்றி மாக்கோலம்போல ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். லேப்டாப்பை அதே துணிக்கடைப் பையில் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே கெட்டித்தாளில் ஒரு சான்றிதழ்.

'மேற்படி அகிலா அவர்களின் கணினியில் இருந்த அனைத்தும் அறிந்தவையே எனவும், குடும்பத்தார் எதையும் இழக்கவில்லை எனவும் சான்றளிக்கப்படுகிறது.'

முத்துவேல் லேப்டாப்பைத் திறந்தான். திரை கறுப்பாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே சார்."

"ஆமா. அழிச்சாச்சு."

"அறியாததத்தான அழிப்பீக?"

"அறியாதத சந்தேகத்துக்காக அழிப்போம். அறிந்தத, தேவையில்லாததுக்காக அழிப்போம். அதான் எல்லார்கிட்டயும் இருக்கே தம்பி. எதுக்கு நீங்க ஒரு பிரதி சொமக்கணும்?"

"அப்ப எதத்தான் திருப்பித் தருவீக?"

"சான்றிதழ்," என்றார் சிவம். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "பின்பக்கம் பாருங்க. பதிவு பதினேழோட ஹாஷ் போட்டிருக்கோம். வழக்கமா இதெல்லாம் போடமாட்டோம். உங்களுக்காக."

பின்பக்கத்தில் ஒரே வரி. எண்ணும் எழுத்துமாக அறுபத்துநாலு. முத்துவேல் அதை ஒருமுறை படித்தான். ஒன்பதில் தொடங்கி ஏழில் முடிந்தது.

"இத வச்சுக் குரல எடுக்க முடியுமா?"

"முடியாது. உலகத்துல யாராலயும் முடியாது. அதான் இதோட சிறப்பே."

"அந்த ஒரு கோப்ப மட்டுமாவது ஒரு காப்பி…"

"இப்ப அது அரசு மென்பொருள். வெளிய குடுக்க முடியாது. வேணும்னா அந்தக் கோப்பத் தயாரிச்சவுககிட்ட நேரடியாக் கேட்டு வாங்கிக்கலாம். அதுக்குத் தடையில்ல."

முத்துவேல் அவரைப் பார்த்தான். சிவமும் அவனைப் பார்த்தார். தயாரித்தவர் யார் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்ததுபோல இருந்தது. சிவம் மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அடுத்த அறையில், தேவகோட்டைப் பக்கத்தில் இறந்துபோன யாரோ ஒரு வாத்தியாரின் கணினி அரைபட்டு முடிந்தது.

முதலில் ஓர் இருமல். வறண்ட, சின்ன இருமல். வாசலில் சேதுபதி எழுந்து நின்றுவிட்டார். பிறகு குரல், நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒன்றாக, வளவின் நான்கு பக்கத்திலிருந்தும் வந்தது.

"என்னங்க… டேங்க் நெறஞ்சு வழியுது. எனக்கு எந்திரிக்க முடியல. வந்ததும் மோட்டார நிறுத்திருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். பிறகு, வாயை அருகே வைத்துச் சொன்னதுபோல:

"வையாதீக."

முடிந்தது. பதினோரு நொடிதான்.

சேதுபதி செருப்பைக்கூடப் போடாமல் கொல்லைப்பக்கம் ஓடினார். திரும்பி வந்து, "மோட்டார் ஓடலையே சார். நேத்துலருந்தே ஓடல," என்றார். சொர்ணவல்லி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி முத்துவேலைப் பார்த்தார். அவன் சான்றிதழை மடித்துக்கொண்டிருந்தான். இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான், எட்டாக மடித்தான். அதற்குமேல் கெட்டித்தாள் மடியவில்லை.

அன்று பிற்பகலுக்குள் மற்ற முப்பத்தேழு நிலையங்களிலிருந்தும் தொலைபேசி வந்தது. ஒரு நிலையத்தில் காவலாளி தொட்டியில் ஏறிப் பார்த்து வழுக்கி விழுந்தார். இன்னொன்றில் ஓர் உயர் அலுவலர், தான் யாரையும் வையவில்லை என்று ஊழியர்கள் முன் விளக்கம் கொடுத்தார். ஒரு நிலையத்தில் சத்தம் கேட்டதும் ஒரு எழுத்தர் அரைநாள் லீவு போட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் மனைவியோடு சேர்ந்து வந்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாராம்.

தலைமையகம் விழித்துக்கொண்டது. அந்த ஓசையை உடனே நீக்க ஆணை வந்தது. ஆணை வந்த மூன்றாம் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. புதுப்பதிப்பு வருஷத்துக்கு ஒருமுறைதான்; நடுவில் ஓசையை நீக்கினால் 'அறிவோம்' மென்பொருளின் ஹாஷ் மாறிவிடும். பட்டியலில் இருக்கும் 'அறிவோம்' வேறு, ஓடிக்கொண்டிருக்கும் 'அறிவோம்' வேறு என்று ஆகிவிடும். நிலையத்தின் மென்பொருளே நிலையத்துக்கு அறியாத கோப்பாகிவிடும். தொண்ணூறு நாளில் அதையே அது அழித்துக்கொள்ளும். இதை எழுத்தில் எடுத்துக்காட்டியவர் சொர்ணவல்லி. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

கடைசியாகச் சுற்றறிக்கை ஒன்று அனுப்பினார்கள். எல்லா நிலையங்களின் அறிவிப்புப் பலகையிலும் அது ஒட்டப்பட்டது. 'பணி நிறைவு ஓசை அரசு அங்கீகாரம் பெற்றது. மேற்படி ஓசைக்கு ஊழியர் எவரும் எழுந்து செல்லுதல், பதிலளித்தல், கலங்குதல் கூடாது.'

இரண்டாம் கட்டில் இருமல் நின்றுவிட்டது. சேதுபதி திருநீற்றை அழித்தார். சிவம் பதிவேட்டில் 'பாதுகாப்பு ஏற்பாடு' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார்.

முத்துவேல் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறான். காரைக்குடியில் பஸ் ஏறி, கோட்டையூர் இறங்கி, வாசலில் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறான். 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'மோட்டார்' என்று எழுதுகிறான். அதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இடம் நிரம்பியிருந்தால் போதும். சொர்ணவல்லி பதினாறாம் எண் டோக்கனைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

சில வாரம் ஒரு கணினிகூட முடியாது. முத்துவேல் மதியம்வரை நின்றுவிட்டுப் போவான். சில வாரம் இரண்டு மூன்று முடியும்.

நேற்றும் ஒன்று முடிந்தது. ஓர் இருமல். பிறகு அகிலா, தொட்டி வழிகிறது என்றாள், எழ முடியவில்லை என்றாள். சுற்றறிக்கைப்படி நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சிவம் பேனாக்களை அடுக்கினார். மூச்சுமட்டும் கேட்கிற அந்த இடத்தில், அவள் கடைசி வார்த்தையைச் சொல்வதற்குள், முத்துவேல் தூணிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்று மெதுவாகச் சொன்னான்.

"நிறுத்திட்டேன்."